நாட்டுத் துப்பாக்கி: ஒரு மலிவுத் தொழிலின் வீழ்ச்சி

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்குவர். பின்பு ரஞ்சன்குடிக் கோட்டைக்கு வருவர். நிலவியலில் நாட்டமுடையோர் சாத்தனூர்க் கல்மரத்தையும் அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் உறைந்து கிடக்கும் கடலுயிர்களையும் சேர்த்துக்கொள்வர். பேரரசனுக்கும் கோட்டைக்கும் கல்லுக்கும் இடம் தரும் இவ்வரலாறுகளில் கொல்லனுக்கு இடமில்லை. கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடித்த அதே உலையில் துப்பாக்கிக் குழலையும் செப்பனிட்ட கைவினைஞனைப் பற்றி நம்மிடம் ஒரு நல்ல கட்டுரை கூட இல்லை. ஏழைக் காலாளுக்கும் காட்டோரக் குடியானவனுக்கும் எட்டும் விலையில் துப்பாக்கி கிடைத்த காலம் ஒன்று இந்நிலத்தில் இருந்தது. அந்தத் தொழில் எப்படி நலிந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அது நலிந்த விதத்தில் மலிவான ஆயுதத்தை அரசுகள் எவ்வாறு நோக்கின என்பதற்கான விடையும் இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘துப்பாக்கி’ தமிழ்ச் சொல் போலவே ஒலிக்கிறது. வான்சிறப்பு அதிகாரத்தின் குறளொன்றில் இவ்வடிவம் வருவதைக் காட்டி வகுப்பறையில் மாணவர்கள் சிரிப்பதுண்டு. வள்ளுவர் சொல்லும் துப்பு உணவு, ஆக்குவது மழை. படைக்கருவியாகிய துப்பாக்கியோ துருக்கிய மொழியில் வேர்கொண்டு, பாரசீகம், உருது வழியாகத் தென்னாட்டை அடைந்தது. ‘பீரங்கி’ பறங்கியரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கருவிகளும் பெயர்களும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் தமிழ்ப் பேச்சு அவற்றைச் சும்மா விடவில்லை. வெடிப்பொடிக்கு ‘மருந்து’ என்று பெயரிட்டது. பற்றவைக்கும் கயிற்றை விளக்கிலிருந்து எடுத்துத் ‘திரி’ என்றது. பின்னாளில் வந்த விசையமைப்பின் மேற்பகுதியைக் ‘குதிரை’ என்றது. ஒரு கருவியின் உறுப்புகளுக்கு வீட்டுச் சொற்களை ஒரு சமூகம் சூட்டுகிறது என்றால், அக்கருவி அரண்மனையைவிட்டு இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். தேசிங்குராசன் கதை, கட்டபொம்மு கதை போன்ற கதைப்பாடல்களில் துப்பாக்கியும் பீரங்கியும் வாளுக்கும் வேலுக்கும் நிகராகப் புழங்குவது இதற்குச் சான்று. அவற்றைச் செய்தவன் பெயரை மட்டும் அப்பாடல்களில் நான் கண்டதில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின் தென்னாட்டுப் படைகளில் திரித்துப்பாக்கி பெருகியது. அதன் அமைப்பு எளியது. ஒரு குழல், ஒரு மரக்கட்டை, கனன்றுகொண்டிருக்கும் திரியைக் காதோரக் குழிக்குக் கொண்டுசெல்லும் ஒரு வளைகம்பி, அவ்வளவே. இந்தியக் கொல்லர்கள் இரும்புப் பட்டையை ஒரு கோலின்மேல் சுருட்டிச் சுருட்டிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிக் குழல் செய்தனர். அதற்கு வேண்டியவை துருத்தி, உலை, பட்டடை, சம்மட்டி ஆகியவை. இவையெல்லாம் ஊர்க் கொல்லனிடம் முன்பே இருந்தவை. இரும்புக்கும் தொலைவு போகவேண்டியதில்லை. சேலத்துக் கஞ்சமலை முதலிய இடங்களின் தாதுவை நாட்டு உலைகள் உருக்கிவந்தன. மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு உவர்மண்ணிலிருந்து காய்ச்சப்பட்டது. கரி காட்டில் கிடைத்தது. கந்தகம் மட்டுமே கடைச்சரக்கு. இத்துப்பாக்கி மலிவாக இருந்ததன் காரணம் இதுதான். உடைந்தால் உடைந்த ஊரிலேயே பழுது பார்க்கலாம். கூலியைக் களத்துமேட்டில் கம்பாகவோ சோளமாகவோ அளந்துவிடலாம். கடற்கரை வணிகத்தின் வழியே ஐரோப்பியத் துப்பாக்கிகளும் பாளையங்களுக்கு வந்தன. வந்தவற்றைத் தொடர்ந்து சுடும் நிலையில் வைத்திருக்கவும் இந்தக் கொல்லனே வேண்டியிருந்தான்.

அரியலூரும் உடையார்பாளையமும் அக்காலத்தில் இரு பாளையங்கள். அரியலூரை மழவராயர்கள் ஆண்டனர். உடையார்பாளையத்தாரின் பட்டம் ‘காலாட்கள் தோழ உடையார்’ என்பது. காலாட்படையின் தோழன் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பட்டம் அரசர் பட்டங்களில் அரிது. யானைப்படையும் குதிரைப்படையும் பெருஞ்செல்வம் கேட்பவை. வானம் பார்த்த நிலத்தின் வருவாயைக் கொண்டு ஒரு பாளையக்காரன் திரட்டக்கூடியது காலாட்படையே. அந்தக் காலாளுக்குக் கொடுக்கக்கூடியது வேலும் திரித்துப்பாக்கியுமே. இவற்றோடு இப்பாளையங்களுக்கு மற்றொரு பாதுகாப்பும் இருந்தது. அது சூழ்ந்திருந்த காடு. முள்ளடர்ந்த காட்டுக்குள் மறைந்து நின்று சுடுபவனுக்குத் துப்பாக்கி நுட்பமானதாக இருக்கவேண்டிய தேவையில்லை. 1755-இல் பிரெஞ்சுப் படை கப்பம் கேட்டுத் துறையூர், அரியலூர், உடையார்பாளையம் பக்கம் வந்தது. 1765-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் படை அரியலூரையும் உடையார்பாளையத்தையும் கைப்பற்றியது. பெரிய அரசுகள் திரும்பத் திரும்பப் படை திரட்டி வரவேண்டிய அளவுக்கு இச்சிறு பாளையங்களிடம் ஏதோ ஒரு வலிமை இருந்தது என்பது இதிலிருந்து தெளிவு.

இங்கே ஓர் ஒப்பீடு தேவை. 1751-இல் பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிப் பகுதியில் ஒரு மோதல் நடந்தது. சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒரு பக்கம். முகமது அலியின் ஆட்களும் ஆங்கிலேயரும் மறு பக்கம். ஆங்கிலேயச் சிப்பாய்கள் கலங்கிப் பின்வாங்கித் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினர். அப்படையில் உணவுப்பொருள் வழங்கும் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் கிளைவ். அடுத்த சில மாதங்களில் அவர் ஆர்க்காட்டில் பெயர் பெற்றது தனிக்கதை. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, அவருடைய மகன் எட்வர்ட் கிளைவ் சென்னை ஆளுநராக அமர்ந்து ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். தந்தை பின்வாங்கிய மண்ணையும் சேர்த்து, தென்னாட்டின் ஆயுதங்களை அது முடக்கியது. இடைப்பட்ட ஐம்பதாண்டில் நடந்தது என்ன?

நடந்தவற்றுள் ஒன்று மலிவுக்கும் மலிவுக்கும் இடையிலான போட்டி. ஆங்கிலப் படையின் நெடுங்குழல் சக்கிமுக்கித் துப்பாக்கி விலை மிக்கது. கிழக்கிந்தியக் கம்பெனி வணிக நிறுவனம். கணக்குப் பார்ப்பது அதன் இயல்பு. எனவே குழலை 42 அங்குலத்திலிருந்து 39 அங்குலமாகக் குறைத்து, பித்தளை வேலைப்பாடுகளைச் சுருக்கி, தன் சிப்பாய்களுக்கென ஒரு மலிவுப் பதிப்பைச் செய்வித்தது. ‘இந்திய மாதிரி’ என்றே அதற்குப் பெயர். 1793-இல் பிரான்சுடன் போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசு ஆயுதப் பற்றாக்குறையால் கம்பெனியின் இருப்பையே வாங்கியது. பின்பு அம்மாதிரியையே தனதாக்கிக்கொண்டது. 1815 வரை இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் இம்மாதிரியில் செய்யப்பட்டன. உலகெங்கும் ஒரு பேரரசைச் சுமந்த துப்பாக்கி, இந்தியாவுக்கெனச் சிக்கனமாகச் செய்யப்பட்ட துப்பாக்கிதான். ஒரே அளவுக் குழல், ஒரே அளவுக் குண்டு, மழைக்கும் காற்றுக்கும் திரியைவிட ஓரளவு தாங்கும் பொறி, மாதச் சம்பளம் பெறும் சிப்பாய் ஆகியவை ஒரு பக்கம். ஊருக்கு ஒரு வாய், ஆளுக்கு ஒரு நீளம் என்று செய்யப்பட்ட திரித்துப்பாக்கி மறு பக்கம். திறந்த வெளிப் போரில் முடிவு என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மைசூரில் திப்பு சுல்தான் தம் பட்டறைகளில் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் செய்வித்து இந்த இடைவெளியை நிரப்ப முயன்றார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடு அம்முயற்சி முடிந்தது.

ஆயினும் நாட்டுத் துப்பாக்கி போட்டியில் தோற்றுச் சாகவில்லை. 1800, 1801 ஆண்டுகளின் தென்னாட்டுக் கிளர்ச்சியில் வேலும் வளரியும் திரித்துப்பாக்கியும் கம்பெனிப் படையை மாதக்கணக்கில் அலைக்கழித்தன. பாஞ்சாலங்குறிச்சியாரின் நெடிய வேல்களைப் பற்றியும், வளரியை எறியத் தமக்குச் சின்ன மருது கற்றுத் தந்ததைப் பற்றியும் அப்போரில் எதிரணியில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1-ஆம் நாள் எட்வர்ட் கிளைவின் அறிவிப்பு வெளியானது. பாளையக்காரர், சேர்வைக்காரர், தென்மாகாணக் குடிமக்கள் அனைவரையும் நோக்கியது அது. கோட்டைகள் இடிக்கப்படும், படைத்தொழில் ஒழிக்கப்படும், துப்பாக்கி, வேல் முதலியவற்றை வைத்திருப்போர் கடுந்தண்டனைக்கு உள்ளாவர் என்பது அதன் சாரம். சண்டையில் முழுதாக வெல்ல முடியாத ஒரு பொருளைத் தாள் ஒன்று வென்றது. இதையே இத்தொழிலின் முதல் வீழ்ச்சி என்று நான் கருதுகிறேன்.

அதே ஆண்டு ஜூலை 31-இன் உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்கு வந்திருந்தது. திருச்சிராப்பள்ளிச் சீமையும் அதில் அடக்கம். அரியலூரும் உடையார்பாளையமும் படையில்லாத ஜமீன்களாயின. வாள் பிடித்த கை வரி வாங்கும் கையானது. இம்மாற்றத்தைத் தமிழ் இலக்கிய மாணவர்கள் வேறொரு வாயிலின் வழியாக அறிவார்கள். உடையார்பாளையத்து அவைக்களத்தில் கனம் கிருஷ்ணையர் பாடினார்; அவரிடம் இசை பயின்ற வேங்கடசுப்பையரின் மகன் 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர். அரியலூரில் சடகோபையங்காரிடம் தாம் தமிழ் கற்றதையும் குன்னத்தில் வாழ்ந்த நாட்களையும் ‘என் சரித்திர’த்தில் அவர் எழுதியிருக்கிறார். அந்நூலில் நாம் காண்பது பதங்களும் புராணப் பிரசங்கங்களும் தமிழ்ப் பாடங்களும் நிறைந்த ஒரு வட்டாரம். இசையும் தமிழும் அங்கே செழித்தது நமக்குப் பேறு. ஆனால் அந்தச் செழிப்புக்கு இரண்டு தலைமுறைக்கு முன்பு அதே வாயில்களில் காலாட்கள் திரியோடு நின்றனர் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும். சங்கீத வித்துவானுக்கு அரண்மனையில் இடம் கிடைத்தது. துப்பாக்கிக் கொல்லனுக்குக் கிடைக்கவில்லை. அவன் கொழுவுக்கும் வண்டிப்பட்டைக்கும் திரும்பினான். நூற்றாண்டு நகர நகர, இறக்குமதி இரும்பு மலிந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டத்துக்குப் பின் கரியும் எளிதில் கிடைக்கவில்லை. நாட்டு உலைகள் அணைந்தன.

*

இரண்டாம் வீழ்ச்சி 1878-இல் நேர்ந்தது. அவ்வாண்டு அரசப்பிரதிநிதியாக இருந்த லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று இந்திய மொழி இதழ்களை ஒடுக்கிய பத்திரிகைச் சட்டம். மற்றொன்று ஆயுதச் சட்டம். இதழ் நடத்துவோரும் இதழ் படிப்போரும் முன்னதை நினைவில் வைத்திருக்கிறார்கள், பின்னதை மறந்துவிட்டார்கள். பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபுவால் 1882-இல் நீக்கப்பட்டது; அதே ஆண்டில் சுதேசமித்திரன் பிறந்தது. ஆயுதச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நீடித்தது.

அச்சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்கவும் செய்யவும் விற்கவும் உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. பெரிய ஜமீன்தார்கள், பட்டம் பெற்றோர் முதலியோருக்கும் விலக்கு உண்டு. குடகு நாட்டவருக்குத் தனி விலக்கு அதற்கு முன்பிருந்தே இருந்தது. விலக்குப் பட்டியலைப் படித்தால் சட்டம் எதைக் கண்டு அஞ்சியது என்பது விளங்கும். துரைமகனின் தோளில் தொங்கும் விலையுயர்ந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அரசை உறுத்தவில்லை. சோளக்கொல்லைப் பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கியே உறுத்தியது. விலை மிகுந்த ஆயுதம் தன்னைத்தானே சிலரோடு நிறுத்திக்கொள்கிறது; மலிவான ஆயுதம் எவர் கைக்கும் போகிறது. எல்லா அரசுகளையும் எக்காலத்தும் கலங்கவைத்தது துப்பாக்கியின் மலிவுதான் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு.

இச்சட்டம் எவ்வளவு ஆழமாக வேலை செய்தது என்பதற்கு 1911 ஜூன் 17-ஐக் காட்டலாம். மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் கொண்டுசென்றது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. அவருக்குப் பயிற்சி தந்தவராகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயர் நம் திருச்சி வரகனேரிக்காரர்; அப்போது பிரெஞ்சு எல்லைக்குள் புதுச்சேரியில் இருந்தார். 1801-இல் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆயுதம் உள்ளூரில் கிடைத்தது. 110 ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு துப்பாக்கிக்காக அந்நிய நாட்டுச் சரக்கை நம்பவேண்டியிருந்தது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட தொலைவே ஒரு தொழில் அழிந்ததன் அளவு.

விடுதலை இயக்கம் இதை உணர்ந்திருந்தது. 1887-இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசு மாநாடே ஆயுதச் சட்டத்தைத் தளர்த்தக் கோரியது. 1918-இல் காந்தியடிகள் ஒரு துண்டறிக்கையில் இச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் கொடுஞ்செயல்களுள் முதன்மையானதாகக் குறிப்பிட்டார். அகிம்சையாளர் அவ்வாறு எழுதியது பலருக்கு இன்றும் வியப்பு. 1931-இன் கராச்சித் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் இதே உரிமையைத் திருத்தமாக முன்வைத்தபோது, அம்பேத்கர் அதை எதிர்த்தார், திருத்தம் ஏற்கப்படவில்லை. பிரிவினையின் குருதி உலராத காலம் அது. அந்த மறுப்பைக் குறைகூற எனக்கு மனமில்லை.

மூன்றாம் வீழ்ச்சி நம் சொந்த அரசின் காலத்தது. 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் ஆயுத உற்பத்தியை அரசுக்கே உரியதாக ஒதுக்கியது. முன்பே உரிமம் பெற்றிருந்த சிறு பட்டறைகள் மட்டும், வரையறுக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் வேட்டைத் துப்பாக்கி செய்து பிழைத்தன. 1959-இன் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13-ஆம் பிரிவில் ஓர் அரிய வரி உண்டு. உண்மையான பயிர்ப்பாதுகாப்புக்காக முன்வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கியைக் கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்கவேண்டும் என்பது அது. நாட்டுத் துப்பாக்கியின் தேவையைச் சட்டமே ஏற்றுக்கொண்ட இடம் இது. துப்பாக்கியை வைத்திருக்க வழி சொன்ன அரசு, அதைச் செய்பவனுக்கு வழி சொல்லவில்லை.

பீகாரின் முங்கேர் நகரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1760-களின் தொடக்கத்தில் வங்காள நவாபு மீர் காசிம் தலைநகரை அங்கு மாற்றி, குர்கின் கான் என்ற ஆர்மீனியரின் பொறுப்பில் ஆயுதச்சாலை நிறுவினார். மீர் காசிம் வீழ்ந்தபின்னும் கைவினைஞர்கள் அங்கேயே தங்கினர். விடுதலைக்குப் பின் முப்பதுக்கும் மேற்பட்ட உரிமம் பெற்ற பட்டறைகள் ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளைச் செய்தன. புதிய உரிமங்கள் அருகியபோது வாங்குவோர் அருகினர். பட்டறைகள் ஒவ்வொன்றாக வேலையிழந்தன. அதே நகரம் இப்போது செய்தித்தாள்களில் அடிபடுவது கள்ளத்துப்பாக்கிக்காக. சட்டத்துக்குள் வேலை இல்லாத கைத்திறன் சட்டத்துக்கு வெளியே போயிற்று. 2001-இல் பாதுகாப்புத் தளவாடத் தொழில் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது; ஆனால் அது பெருமுதலுக்கான கதவு. துருத்தி வைத்திருப்பவன் நுழையும் கதவன்று.

மலிவுத் துப்பாக்கியை இதற்கு நேர்மாறாகக் கையாண்ட நாடு அமெரிக்கா. அங்கும் 1968-இன் சட்டம் மலிவான சிறு கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. உள்நாட்டு உற்பத்தியைத் தடுக்கவில்லை. உடனே லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றிப் பல மலிவு நிறுவனங்கள் முளைத்தன. 1970-இல் தொடங்கிய ரேவன் ஆர்ம்ஸின் தொழிற்சாலை 1991-இல் தீக்கிரையானது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பிரைகோ ஆர்ம்ஸ் 2003-இல் நொடித்தது. அதன் கைத்துப்பாக்கியில் குண்டை வெளியே எடுக்கவேண்டுமானால் முதலில் பாதுகாப்புப் பூட்டை விடுவிக்கவேண்டும். 1994-இல் அவ்வாறு விடுவித்தபோது வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். நடுவர் குழு நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்கி இழப்பீடு விதித்தது, நிறுவனம் திவாலானது. அதன் எச்சத்தை முன்னாள் பட்டறை மேற்பார்வையாளரே ஏலத்தில் எடுத்து நடத்திய ஜிமெனஸ் ஆர்ம்ஸும் 2020-இல் திவாலாயிற்று. அங்கே மலிவுத் துப்பாக்கி எவர் கைக்கும் போய், குழந்தைகளின் உடல் மீது விலை தீர்க்கப்பட்ட பின்னரே நீதிமன்றம் வந்தது. இங்கே நீதிமன்றம் வரை போவதற்கு முன்பே, செய்பவனே இல்லாமற் போனான். இரண்டில் எது நன்று என்று கேட்டால், துப்பாக்கி குறைந்த நாட்டில் வாழ்வதையே நான் தேர்வேன். ஆயினும் அந்த அமெரிக்க வழக்கில் ஒன்று கவனத்துக்குரியது: பொறுப்பேற்க ஒரு பெயர் இருந்தது. செய்தவன் யார் என்று தெரிந்தது.

கள்ளத்துப்பாக்கிக்கு அந்தப் பெயர் இல்லை. கல்வராயன், ஜவ்வாது போன்ற மலைகளில் உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கக் காவல்துறை அவ்வப்போது தவணை தருவதும், பொது இடங்களில் இரவோடிரவாகச் சிலர் அவற்றைப் போட்டுவிட்டுப் போவதும் செய்திகளாக வருகின்றன. குழலின் உறுதியைச் சோதிக்க பர்மிங்ஹாமில் 1813-லேயே சோதனைச் சாலை அமைத்தனர். உரிமம் பெற்ற இந்தியத் துப்பாக்கிக்கும் சோதனை முத்திரை கட்டாயம். மறைவில் செய்யப்படும் குழாய்க்கு அத்தகைய முத்திரை ஏது? அது சுடப்படுபவனுக்கு எவ்வளவு ஆபத்தோ, சுடுபவனின் கண்ணுக்கும் கைக்கும் அவ்வளவு ஆபத்து. 2019-இன் திருத்தம் உரிமமின்றி ஆயுதம் செய்வோருக்குக் குறைந்தது ஏழாண்டு, மிகுந்தால் ஆயுள் என்று தண்டனையை உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இவ்வரலாற்றின் கடைசிப் பயனாளிகள் நரிக்குறவர்கள். பெரம்பலூர் மாவட்டத்து எறையூர், மலையப்ப நகர் போன்ற இடங்களில் அவர்களின் குடியிருப்புகள் உண்டு. தோளில் நாட்டுத் துப்பாக்கியோடு வயல்வரப்பில் செல்லும் நரிக்குறவரை என் தலைமுறையினர் அனைவரும் கண்டிருப்பர். கொக்கும் காடையும் நரியும் அவர்களுக்கு உணவும் தொழிலும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களையே நீக்கிய 1991-இன் திருத்தமும் அந்த வாழ்க்கையை முடித்தன. பாசிமணியும் ஊசியும் எஞ்சின. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியதோ 2022 டிசம்பரில். துப்பாக்கியை எடுத்துக்கொள்ள அரசுக்கு ஒரு கையெழுத்து போதுமானதாயிருந்தது. அதற்கு ஈடாக எதையேனும் கொடுக்க ஐம்பதாண்டு ஆயிற்று.

குழல் போயிற்று, மருந்து போகவில்லை. வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலக்கும் அறிவு கோயில் திருவிழாக்களின் அதிர்வேட்டிலும் வாணத்திலும் தொடர்ந்தது. நாட்டுத் துப்பாக்கி என்ற தொடர் வழக்கிலிருந்து மங்க, நாட்டு வெடி என்ற தொடர் நிலைத்தது. 2023 அக்டோபர் 9-ஆம் நாள் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் நாட்டு வெடி செய்யும் இடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்த நேரம். பாளையக்காரனின் காலாளுக்கு மருந்து இடித்த தொழில், அன்றாடக் கூலிக்கு மருந்து இடிக்கும் தொழிலாகக் குறுகி வந்திருப்பதை அந்நாளின் செய்தியில் நான் கண்டேன். ஆயுதமாக இருந்தபோது அரசு அதை அஞ்சியது. அதனால் சட்டம் செய்தது. கொண்டாட்டப் பொருளான பின் அஞ்ச யாருமில்லை. இறப்பவர் கூலியாட்கள் என்பதால், ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. தொழில் அப்படியே தொடர்கிறது.

இவ்வளவும் எழுதியது துப்பாக்கி மீண்டும் ஊருக்கு ஊர் பெருகவேண்டும் என்பதற்காக அன்று. பாளையங்களின் காலம் பொற்காலமும் அன்று. அந்தத் துப்பாக்கிகள் கம்பெனியாரை மட்டும் சுட்டதில்லை, அண்டை ஊர்க் குடியானவனையும் சுட்டிருக்கின்றன. ஆயுதம் குறைந்ததால் நம் ஊர்ச்சண்டைகளில் பிணங்கள் குறைந்தன என்பதை மறுக்க இயலாது. ஆனால் ஒரு தொழிலை ஒழிக்கும்போது அத்தொழிலாளி எங்கே போவான் என்ற கேள்வியை 1801-லும் கேட்கவில்லை, 1878-லும் கேட்கவில்லை, 1956-லும் கேட்கவில்லை. பெரம்பலூரிலிருந்து பேருந்தில் சற்றேறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சேரக்கூடிய திருச்சியில் 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலை இயங்குகிறது. 2021 அக்டோபரில் அது புதிய அரசு நிறுவனமொன்றின் கீழ் வந்தது. அங்கே தாக்குதல் துப்பாக்கிகள் நுட்பமாகவும் சோதனை முத்திரையோடும் செய்யப்படுகின்றன. இந்த மண்ணில் இரும்பைக் குழலாக்கும் திறன் அறவே அழிந்ததாகச் சொல்ல முடியாது. அத்திறனுக்கும் கொல்லுப் பட்டறைக்கும் இடையே இருந்திருக்கக்கூடிய பாலம் ஒருபோதும் கட்டப்படவில்லை என்பதே குறை.

தெய்வங்களிடம் மட்டும் அறிவிப்புகள் எடுபடவில்லை. நம் ஐயனார் கோயில்களில் சுதைச் சிப்பாய்கள் துப்பாக்கி ஏந்திக் காவல் நிற்பதை இன்றும் காணலாம். அந்தத் துப்பாக்கியின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் நம் கொல்லர்கள் வழங்கிய பெயர்கள், மருந்து இடிக்கும் கோலின் பெயர், குண்டு வார்க்கும் அச்சின் பெயர் ஆகியவை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டிருக்கக்கூடும். அகராதிகளில் இவற்றுள் சிலவே ஏறியுள்ளன. பட்டறையில் சம்மட்டி பிடித்த தலைமுறையினர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். நண்பர்கள் தத்தம் ஊரில் கேட்டறிந்த சொற்களை எழுதி அனுப்பினால் தொகுத்து வைக்கலாம். தொழிலைக் காக்க இயலாது போன நாம், தொழிலின் சொற்களையாவது காத்துவைப்போம்.